பிடிபட்டது பைக், தண்டனை யாருக்கு?

வடக்கில் எந்தப் பொலிஸ் நிலையத்தைத் தாண்டிப் போனாலும் ஒரு காட்சி பொதுவாக இருக்கும். மதிலோரமாக மோட்டார் சைக்கிள்கள் நிற்கும். முதலில் வரிசையாக, பிறகு வரிசை குலைந்து ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்தபடி. சீற் கிழிந்து, சில்லு காற்றுப்போய், செயின் துருவேறி, இடையில் கொடி படர்ந்து கிடக்கும். கொஞ்சம் உள்ளே தள்ளி ஒரு முச்சக்கரவண்டி, ஒரு லான்ட்மாஸ்டர், மணலோடு பிடிபட்ட ஒரு டிப்பர். பார்த்துப் பார்த்தே எங்களுக்கு இது பழகிப்போய்விட்டது.

ஆனால் ஒருக்கா நின்று யோசித்தால் கேள்வி வரும். இதெல்லாம் ஆருடைய வாகனங்கள்? லட்சக்கணக்கில் விலை போகிற சாமானை ஏன் ஒருத்தரும் வந்து எடுக்கேல்லை?

"பிழை விட்டவை, பொலிஸ் பிடிச்சிருக்கு, வேறென்ன?" என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். அந்தப் பதில் எங்களுக்குப் போதவில்லை. எங்கட கருத்து இதுதான்: இங்கே அனேகம் பேருக்கு உண்மையான தண்டனை நீதிமன்றம் விதிக்கிற தண்டப்பணம் இல்லை. வாகனம் பொலிஸ் வளவுக்குள் கிடக்கிற அந்த நாள்களும் மாதங்களும்தான். அந்தத் தண்டனையை எந்த நீதவானும் தீர்ப்பாக வாசிக்கவில்லை. அதற்கு அளவும் இல்லை, முடிவுத் திகதியும் இல்லை. ஆரிடம் காசும் கடதாசியும் குறைவோ, அவர் மேலேயே அது கூட விழுகிறது.

என்னத்துக்குப் பிடிக்கிறார்கள்?

முதலில் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். தலைக்கவசம் போடாதது, கோடு தாண்டியது போன்ற சின்னப் பிழைகளுக்கு வாகனத்தை எடுப்பதில்லை. சாரதி அனுமதிப்பத்திரத்தை வாங்கிக்கொண்டு தண்டச் சீட்டுத் தருவார்கள். அந்தச் சீட்டே தற்காலிக அனுமதிப்பத்திரம். 14 நாளுக்குள் தபால் கந்தோரில் கட்டிவிட்டால் கதை முடிந்தது.

வாகனம் உள்ளே போவது வேறு காரணங்களுக்கு. குடித்துவிட்டு ஓடியது, அனுமதிப்பத்திரமோ காப்புறுதியோ இல்லாமல் ஓடியது, விபத்து, களவுச் சந்தேகம், அனுமதியில்லாமல் மணல், மரம், மாடு ஏற்றியது, கஞ்சா கசிப்புக் கடத்தியது. 2020 மார்ச்சில் தொடங்கிய கொரோனா ஊரடங்கில் இன்னொரு காரணமும் சேர்ந்தது. வீதியில் நின்றதற்காகவே நாடு முழுக்கப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட வாகனங்களைப் பொலிஸ் எடுத்தது.

கொழும்பில் வீதியோரம் பிழையாக நிறுத்தின காருக்குச் சில்லுப் பூட்டுப் போடுவார்கள், சில நேரம் இழுத்துக்கொண்டு போவார்கள். கார்க்காரருக்கு அது ஒரு நாள் எரிச்சல். காசைக் கட்டிவிட்டு ஓடிக்கொண்டு போவார். எங்கட ஊர்ப் பக்கம் பிடிபடுகிறது பெரும்பாலும் மோட்டார் சைக்கிளும் லான்ட்மாஸ்டரும். அதுகள்தான் மீன் சந்தைக்குப் போகிற வாகனம், மேசன் வேலைக்குப் போகிற வாகனம், பிள்ளையைப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விடுகிற வாகனம். இரண்டையும் ஒரே மாதிரிப் பார்க்க ஏலாது.

எடுக்கிற வழி

பிடிபட்ட வாகனத்தை எப்படி எடுப்பது என்று எங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? பள்ளிக்கூடத்தில் குடியியல் படித்தோம், நீதிமன்றங்களின் அடுக்கைப் பாடமாக்கினோம். இதை ஒருத்தரும் சொல்லித் தரவில்லை. தெரியாதபடியால்தான் "ஆரையும் பிடிச்சுக் கதைச்சு எடுப்பம்" என்று இடைத்தரகர்களிடம் போகிறோம். உள்ளபடி நடக்க வேண்டியது இவ்வளவுதான்.

பொலிஸ் எடுத்த வாகனம் பொலிஸுக்குச் சொந்தமாவதில்லை. அது நீதிமன்றத்தின் கட்டுப்பாட்டுக்குள் வருகிற சான்றுப்பொருள். ஆகவே விடுவிக்கும் கட்டளை நீதவானிடமிருந்துதான் வரவேண்டும். முதல் வேலை, எந்தப் பொலிஸ் நிலையம், எந்தத் திகதி, எந்த நீதவான் நீதிமன்றத்துக்கு அறிக்கை போயிருக்கிறது, வழக்கிலக்கம் என்ன என்று கேட்டு எழுதிக்கொள்வது. வீதிப் போக்குவரத்துக் குற்றம் மட்டும் என்றால், தவணையன்று குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டப்பணத்தைக் கட்டியதும் பொதுவாக வாகனம் கிடைத்துவிடும். வேறு வழக்கு என்றால், பதிவு உரிமையாளர் சார்பில் நகர்த்தல் பத்திரம் ஒன்று நீதிமன்றத்தில் வைக்கப்படும். அதோடு சீ.ஆர். புக், காப்புறுதி, வருமான உத்தரவுப்பத்திரம், அடையாள அட்டை. பொலிஸுக்கு ஆட்சேபனை உண்டா என்று நீதவான் கேட்பார். பிறகு ஒரு தொகைக்குப் பிணைமுறியில் விடுவார். வழக்கு முடியும் வரை விற்கக்கூடாது, உருமாற்றக்கூடாது, கேட்டால் கொண்டுவந்து காட்ட வேண்டும் என்பவை வழமையான நிபந்தனைகள். அந்தக் கட்டளையைப் பொலிஸ் நிலையத்தில் காட்டிக் கையெழுத்து வைத்து வாகனத்தை எடுக்கலாம்.

விபத்து வாகனம் என்றால் இடையில் இன்னொரு படி. மோட்டார் வாகனப் பரிசோதகர் வந்து பிறேக், ஸ்டியறிங் எல்லாம் பார்த்து அறிக்கை தரவேண்டும். அவர் வரும் வரைக்கும் வாகனம் அசையாது.

எழுதி முடிக்க ஒரு பந்திதான் எடுத்தது. இதை ஓடித்திரிந்து செய்து முடிக்க எத்தனை நாள் போகும் என்பதில்தான் பிரச்சினை இருக்கிறது.

புக் ஆற்ற பேரில?

முதல் தடை இங்கேதான். எங்கட ஊரில் ஓடுகிற மோட்டார் சைக்கிளில் ஒரு பங்கு ஓடுகிறவரின் பேரில் இல்லை. மூன்று கை, நாலு கை மாறியிருக்கும். ஒவ்வொரு முறையும் முதல் உரிமையாளர் கையெழுத்து வைத்த வெறுங்கடிதமும் புக்கும் மட்டும் கைமாறும். 'ஓப்பின் பேப்பர்' என்று சொல்லுவோம். பேர் மாற்றுவதற்குக் காசும் அலைச்சலும் தேவை என்பதால் "பிறகு மாத்துவம்" என்று விட்டுவிடுவோம். வீதியில் ஓடும்வரை ஒரு பிரச்சினையும் இல்லை. பொலிஸ் பிடித்த அன்றைக்குத்தான் தெரியும், சட்டத்தின் பார்வையில் அந்த பைக் எங்களுடையது இல்லை என்று. புக்கில் பேருள்ளவர் கனடாவில் இருப்பார், அல்லது செத்துப்போயிருப்பார், அல்லது குருநாகலில் எங்கோ இருக்கிற ஒருவராக இருப்பார். "நான் வித்து எத்தினை வருசம், என்னை ஏன் கோட்டுக்குக் கூப்பிடுறீங்கள்?" என்று போனை வைத்துவிடுவார்.

இரண்டாவது தடை லீசிங். லீசிங்கில் எடுத்த பைக்கின் புக்கில் முழு உரிமையாளராக நிதி நிறுவனத்தின் பேர் இருக்கும். ஆகவே நிறுவனத்தின் கடிதம் வேண்டும். தவணைக்காசு இரண்டு மாதம் பிந்தியிருந்தால் அந்தக் கடிதம் சும்மா வராது. இதில் ஆகக் கொடுமை என்னவென்றால், பைக் பொலிஸ் வளவில் நிற்கிற மாதமும் தவணைக்காசு ஓடிக்கொண்டேயிருக்கும். பைக் இல்லாததால் உழைப்பில்லை, உழைப்பில்லாததால் தவணை கட்ட ஏலாது, தவணை கட்டாததால் கடிதம் இல்லை, கடிதம் இல்லாததால் பைக் இல்லை. எங்களுக்குத் தெரிந்த ஒரு பெடியன் சாப்பாடு டெலிவரி செய்து வந்தவன். அவனுடைய பைக் இப்படித்தான் பொலிஸ் வளவிலிருந்து நேரே நிதி நிறுவனத்தின் முற்றத்துக்குப் போனது. அவன் விட்ட பிழை காப்புறுதியைப் புதுப்பிக்காதது. அதற்கு ஒரு தண்டம் நியாயம். தொழில் போனது நியாயமா?

கணக்குப் போட்டுப் பாருங்கள்

குடித்துவிட்டு ஓடினால் இப்போது 25,000 ரூபாவுக்குக் குறையாத தண்டம். 2025 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த குறைந்தபட்ச மாதச் சம்பளம் 27,000 ரூபாவாக இருந்தது. அதாவது கூலிக்காரன் ஒருவனுக்குத் தண்டப்பணம் மட்டும் கிட்டத்தட்ட ஒரு மாதச் சம்பளம். குடித்துவிட்டு ஓடுகிறவருக்காக நாங்கள் கண்ணீர் விடப்போவதில்லை. அந்தத் தண்டம் இருக்கட்டும். ஆனால் கணக்கு அதோடு முடிவதில்லை. சட்டத்தரணிக்கு ஒரு தொகை. ஒவ்வொரு தவணைக்கும் ஒரு நாள் கூலி இழப்பு. காலாவதியான வரிப்பத்திரத்தையும் காப்புறுதியையும் புதுப்பிக்கிற காசு. கடைசியில் வாகனத்தை எடுத்தால் பற்றரி செத்திருக்கும், பெற்றோல் இருக்காது, கண்ணாடி இரண்டும் காணாமல் போயிருக்கும். "பிடிக்கேக்கயே இப்பிடித்தான் இருந்தது" என்றால் நாங்கள் எதைக் காட்டி மறுப்பது? எடுத்தபோது என்ன நிலையில் இருந்தது என்று எங்கட கையில் ஒரு துண்டும் இருக்காது.

இருபது வருசப் பழைய பைக் வைத்திருக்கிறவர் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பார். எடுக்கிற செலவு பைக்கின் விலையை எட்டிப்பிடிக்கும். அவர் விட்டுவிடுவார். மதிலோரத்தில் குவிந்து கிடப்பவற்றில் பல இப்படி விடப்பட்டவை. அவற்றின் சொந்தக்காரர் காணாமல் போகவில்லை. அவருக்குக் கட்டுபடியாகவில்லை, அவ்வளவுதான்.

2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025 பெப்ரவரியில்தான் முழுமையாகத் திறந்தது. அந்த ஐந்து வருசத்தில் பழைய பைக்கின் விலையே எங்கேயோ போனது. ஒரு பைக்குக்கு நாடு முழுக்க ஆலாய்ப் பறந்த அதே காலத்தில் பொலிஸ் வளவுகளில் பைக்குகள் மண்ணோடு மண்ணாய்ப் போய்க்கொண்டிருந்தன. மழை பெய்தால் டயருக்குள்ளும் கழன்ற தாங்கிக்குள்ளும் தண்ணி நிற்கும். வீட்டில் சிரட்டைக்குள் தண்ணி நின்றால் 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடைச் சட்டத்தின் கீழ் எங்களுக்கு வழக்கு. பொலிஸ் வளவில் நிற்கிற தண்ணிக்கு ஆர் வழக்குப் போடுவது?

சட்டம் உண்மையில் என்ன சொல்கிறது?

பலரும் நினைப்பதுபோல் சட்டம் "பிடி, வைத்திரு" என்று சொல்லவில்லை. 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 431ஆம் பிரிவைப் பாருங்கள். பொலிஸ் அதிகாரி கைப்பற்றிய பொருளை உடனடியாக நீதவானுக்கு அறிக்கையிட வேண்டும். அதை வைத்திருக்க உரித்துடையவரிடம் ஒப்படைப்பது பற்றி நீதவான் தாமதமின்றிக் கட்டளையிட வேண்டும். உரித்தாளர் ஆரென்று தெரியாவிட்டால் அறிவித்தல் கொடுத்து ஆறு மாதம் பொறுத்திருக்க வேண்டும். ஒருத்தரும் வராவிட்டால் விற்கலாம். சட்டத்தின் போக்கு திருப்பிக் கொடுப்பதை நோக்கியே இருக்கிறது. வழக்கம்தான் மற்றப் பக்கம் போய்விட்டது.

வாகனத்தை முற்றாகப் பறிமுதல் செய்வது இன்னும் பாரதூரமானது. காட்டுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் மரத்தோடு பிடிபட்ட லொறி ஒன்றின் வழக்கு 1987இல் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. சாரதி குற்றத்தை ஒப்புக்கொண்டார், லொறி அரசுடைமையானது. லொறிக்காரரை ஒருத்தரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்போது பிரதம நீதியரசராக இருந்தவர் சர்வானந்தா. குற்றத்தில் பங்கில்லாத உரிமையாளருக்குத் தன் பக்கத்தைச் சொல்ல இடம் கொடுக்காமல் அவருடைய சொத்தைப் பறிக்க முடியாது என்று நீதிமன்றம் சொன்னது. இன்றைக்கு எந்த நீதவான் நீதிமன்றத்திலும் வாகன விசாரணை நடப்பதற்கு அந்தத் தீர்ப்பு ஒரு முக்கிய காரணம். ஆனால் அந்த விசாரணையில், வாகனம் குற்றத்துக்குப் பயன்படாமல் இருக்கத் தன்னாலான முன்னெச்சரிக்கை எல்லாம் எடுத்தேன் என்று உரிமையாளரே நிரூபிக்க வேண்டும். லான்ட்மாஸ்டரை நாள் வாடகைக்கு விட்ட ஒரு விதவைத் தாய் அதை எப்படி நிரூபிப்பார்? எழுத்தில் ஒப்பந்தம் செய்திருப்பாரா? ஊரில் வாய்ச்சொல்தான் ஒப்பந்தம்.

ஏன் போய்க் கேட்பதில்லை?

இன்னொரு காரணமும் இருக்கிறது, அது எங்கட வரலாற்றோடு சம்பந்தப்பட்டது. 2009இல் முள்ளிவாய்க்காலுக்கும் மாத்தளனுக்கும் இடையில் சனம் விட்டுவந்த சைக்கிள்களும் மோட்டார் சைக்கிள்களும் உழவு இயந்திரங்களும் மலைமலையாகக் குவிந்து கிடந்த படங்களைப் பார்த்திருப்போம். உயிரோடு வந்தவர்களிடம் புக் எங்கே இருந்தது? சேசி இலக்கத்தை ஆர் பாடமாக்கி வைத்திருந்தார்கள்? சொத்தைச் சீருடைக்காரரிடம் போய்க் கேட்டு வாங்குகிற பழக்கம் எங்கட பெற்றோருக்கு இல்லாமல் போனதில் வியப்பில்லை. "போனது போகட்டும், நீ உள்ள போகாத தம்பி" என்று அம்மாக்கள் சொல்வது அந்த அனுபவத்தில் இருந்துதான்.

மொழி அந்தப் பயத்தைக் கூட்டுகிறது. 1987இல் 13ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. 1988இல் 16ஆம் திருத்தம் வடக்கிலும் கிழக்கிலும் நிர்வாகத்தையும் நீதிமன்றத்தையும் தமிழில் நடத்தச் சொன்னது. எழுத்தில் எல்லாம் இருக்கிறது. பொலிஸ் நிலையத்து மேசையில் எங்களுக்கு முன்னால் வைக்கிற தாள் பல நேரம் சிங்களத்தில் இருக்கிறது. வாசிக்கத் தெரியாத வாக்குமூலத்தில் கையெழுத்து வைத்துவிட்டு வருகிறோம். நாங்கள் எதை ஒப்புக்கொண்டோம் என்பதே தவணையன்றுதான் தெரியவருகிறது.

"அப்ப பிடிக்கக்கூடாதோ?"

இதை எழுதினால் இந்தக் கேள்வி வரும் என்று தெரியும். நியாயமான கேள்விதான். ஏ9 வீதியில் எத்தனை சாவு பார்த்துவிட்டோம். சைலன்சரைக் கழற்றிவிட்டு ஒழுங்கைக்குள் பறக்கிறவர்களைத் திட்டுவதும் நாங்கள்தான். இரவிரவாக மணல் அள்ளி ஆற்றங்கரையை விழுத்துகிற டிப்பர்களை நிற்பாட்டச் சொல்லிக் கேட்பதும் நாங்கள்தான். வெறியில் ஓடுகிறவனை வீதியில் இருந்து அன்றைக்கே இறக்கத்தான் வேண்டும். அதில் விட்டுக்கொடுப்பில்லை.

ஆனால் இறக்குவது வேறு, பிறகு மாதக்கணக்காக வைத்திருப்பது வேறு. வெறி மறுநாள் காலமை தெளிந்துவிடும். காப்புறுதி இல்லை என்றால் காப்புறுதி எடுத்துக் காட்டினதும் அந்த ஆபத்து நீங்கிவிடும். சாட்சியத்துக்குத் தேவை என்றால் சேசி இலக்கம், என்ஜின் இலக்கம், நாலு பக்கப் போட்டோ போதும். குஜராத் வழக்கொன்றில் இந்திய உச்ச நீதிமன்றம் 2002இல் இதைத்தான் சொன்னது: வாகனங்களைப் பொலிஸ் நிலையத்தில் நெடுநாள் போட்டு வைப்பதில் பலனில்லை, படமெடுத்துப் பதிவு செய்து தகுந்த பிணையில் விட்டுவிடுங்கள் என்று. அங்கேயும் குவியல் முற்றாகக் குறைந்துவிட்டது என்று நாங்கள் சொல்லவரவில்லை. ஆனால் நியாயம் சரியானது.

மணல் டிப்பருக்கும் இதே அளவுகோல்தான். பெரிய முதலாளியின் டிப்பர் பிடிபட்டால் சட்டத்தரணி அன்றைக்கே நிற்பார், வாகனம் கெதியாய் வெளியே வரும். கூலிக்கு ஏற்றப்போன லான்ட்மாஸ்டர் கிடந்து உக்கும். தடுத்து வைப்பது குற்றத்தைக் குறைக்கும் என்றால் இது எதிர்மாறாக அல்லவா வேலை செய்கிறது?

நாங்கள் கேட்பது

பெரிய சட்டத் திருத்தம் எதையும் நாங்கள் கேட்கவில்லை. வாகனத்தை எடுக்கிற இடத்திலேயே, அதன் நிலையை எழுதி, போட்டோ எடுத்து, தமிழில் ஒரு பற்றுச்சீட்டுத் தர வேண்டும். அதில் எந்த நீதிமன்றம், எந்தத் திகதி என்பது இருக்க வேண்டும். கடுமையில்லாத வழக்குகளில் முதல் தவணையிலேயே பிணைமுறியில் விடுவதை வழமையாக்க வேண்டும். பொலிஸ் நிலைய வாசலில் 'உங்கள் வாகனத்தை மீளப்பெறுவது எப்படி' என்று இரண்டு மொழியிலும் ஒரு பலகை வைக்கலாம். அதற்குப் பெரிய செலவில்லை.

எங்கட பக்கத்திலும் வேலை இருக்கிறது. ஓப்பின் பேப்பரில் பைக் வாங்கியிருந்தால் இந்த மாதமே பேரை மாற்றுங்கள். புக், காப்புறுதி, வரிப்பத்திரம் மூன்றையும் போனில் படமெடுத்து வீட்டில் இன்னொருவருக்கும் அனுப்பி வையுங்கள். பிடிபட்டால் அந்த இடத்திலேயே பைக்கை நாலு பக்கமும் படமெடுக்கக் கேளுங்கள், மரியாதையாக, ஆனால் விடாமல். விளங்காத மொழியில் இருக்கிற தாளில், வாசித்து விளங்கப்படுத்தும் வரை கையெழுத்து வைக்காதீர்கள். சட்டத்தரணிக்குக் காசில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவிடம் போய்க் கேட்டுப் பாருங்கள். அங்கே கேட்பதில் வெட்கமில்லை, அது எங்கட வரிப்பணம். வாகனத்தைக் கைவிட்டவர்கள், வர்த்தமானியிலும் பத்திரிகையிலும் வருகிற நீதிமன்ற ஏல அறிவித்தல்களைப் பாருங்கள். இலக்கங்கள் வரிசையாக இருக்கும். ஏலம் தொடங்குவதற்கு முன்னர் உரிமை கோரலாம்.

கடைசியாக, கூட்டாகச் செய்யக்கூடிய ஒன்று. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் எங்கள் கையில் இருக்கிறது. ஒவ்வொரு பொலிஸ் பிரிவிலும் எத்தனை வாகனங்கள் தடுப்பில் உள்ளன, ஒவ்வொன்றும் எத்தனை நாளாக, எத்தனைக்கு நீதிமன்றக் கட்டளை கேட்கப்பட்டது என்று எழுதிக் கேட்கலாம். தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாள்களுக்குள் சொல்ல வேண்டும். விண்ணப்பத்தைத் தமிழில் எழுதலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. யாழ்ப்பாணம், கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் என்று ஐந்து மாவட்டத்துக்கும் ஐந்து பேர் பொறுப்பெடுத்தால் ஒரு மாதத்தில் தொடங்கிவிடலாம். வர விருப்பமானவர்கள் எங்களோடு கதையுங்கள். முதல் விண்ணப்பத்தைச் சேர்ந்திருந்து எழுதுவோம்.